கொசுத்தேன்ல என்ன தாது இருக்கு? பெட்டியிலேந்து லேப் ரிப்போர்ட் வரைக்கும், டெல்டாக்காரங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

போன சித்திரையில கும்பகோணத்துலேந்து எங்க சித்தி போன் பண்ணுனாங்க. "ஏன்டா தம்பி, ரத்தம் கம்மியா இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு, ஒன் கொசுத்தேன்ல இரும்புச்சத்து கொட்டிக் கெடக்காம்ல, ஒரு பாட்டில் குடுத்துவுடு, இந்த மாத்திரைய நிறுத்திடலாம்னு பாக்குறேன், வயித்த பொரட்டுது." நான் பாட்டில் குடுத்துவுட்டேன், ஆனா மாத்திரைய நிறுத்தக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டுதான் குடுத்துவுட்டேன். ஏன்னா அதுக்கு முன்னாடியே ரெண்டு வருஷமா நான் இந்த தாதுக் கணக்குல கெடந்து உருண்டுக்கிட்டு இருந்தேன், காசும் விட்ருக்கேன். பாபநாசம் பக்கம் ஆத்தோரம் வீடு, பதினாலு கொசுத்தேனீப் பெட்டி இருக்கு, அதுபோக மாட்டுக்கொட்டாய் மண் சுவத்துலயும் பழைய மீட்டர் பெட்டியிலயும் அதுவா வந்து குடியிருக்குறது தனி. இத படிக்கிற உங்கள்ல பாதிப்பேர் வீட்டு சுவத்துலயும் அந்த மெழுகுக் குழாய் வாசல் நீட்டிக்கிட்டு இருக்கும், பாத்துருப்பீங்க.

இங்க பெட்டி வைக்கிறது எப்படின்னு சொல்லப்போறது இல்ல. தேன், மகரந்தம், பிசின் மெழுகு, இந்த மூணுலயும் என்னென்ன தாது இருக்கு, அது எங்கேந்து வருது, அத கெடுக்காம எப்படி எடுக்குறது, எப்படி டெஸ்ட் பண்றது, வர்ற ரிப்போர்ட்ட எப்படி படிக்கிறது, இதுதான். என் கட்சிய முன்னாடியே சொல்லிடுறேன்: தாது அளவுங்குறது சத்துக் கணக்கு இல்ல, அது சாட்சி. தேன் எந்த மண்ணுலேந்து வந்துச்சு, எந்தக் கை பட்டுச்சு, எந்தப் பாத்திரத்துல தங்குச்சுன்னு அது சொல்லிடும். நம்பர் கூட இருக்குன்னு சந்தோஷப்படுற ஆளுங்க கொஞ்சம் நின்னு படிங்க.

மொதல்ல சித்தி கணக்க முடிச்சுடுவோம்

சாதாரண தேன்ல 100 கிராமுக்கு இரும்பு சுமார் 0.4 மில்லிகிராம், பொட்டாசியம் 50 மில்லிகிராம் பக்கம். ஒரு டீஸ்பூன் தேன் 7 கிராம். அப்போ ஒரு ஸ்பூன்ல இரும்பு 0.03 மில்லிகிராம். ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், 2020ல குடுத்த பட்டியல்படி ஒரு பொம்பளைக்கு ஒரு நாளைக்கு வேண்டிய இரும்பு 29 மில்லிகிராம். வகுத்துப் பாத்தீங்கன்னா ஆயிரம் ஸ்பூனுக்கு கொஞ்சம் கம்மி, அதாவது கிட்டத்தட்ட ஏழு கிலோ தேன், ஒரு நாளைக்கு. கொசுத்தேன்ல தாது கூடத்தான் இருக்கும், பல தடவ சாதாத் தேனவிட ரெண்டு மடங்கு மூணு மடங்கு வர்றதும் உண்டு, சரி பத்து மடங்குன்னே வச்சுக்கங்க, அப்பவும் எழுநூறு கிராம். என் ஒரு பெட்டியில வருஷம் பூரா கெடைக்கிறதே கால் கிலோவுலேந்து அரைக்கிலோதான். கொல்லையில நிக்கிற முருங்கை, 100 கிராம் கீரையில 4 மில்லிகிராமுக்கு மேல இரும்பு வச்சுக்கிட்டு சும்மா நிக்குது. பொட்டாசியமும் அதே கதைதான், ஒரு வாழைப்பழத்துல இருக்குறதுக்கு ஈடா நூறு ஸ்பூன் தேன் சாப்பிடணும்.

அப்ப கொசுத்தேன்ல ஒண்ணுமே இல்லையான்னா, இருக்கு. 2020ல ஆஸ்திரேலியா குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துக்காரங்க கொட்டாத தேனீ, அதாவது நம்ம கொசுத்தேனீ இனத்தோட தேன்ல ட்ரெஹலூலோஸ்னு ஒரு சர்க்கரை நெறைய இருக்குன்னு கண்டுபுடிச்சாங்க, சாதாத் தேன்ல பெருசா இல்லாதது, ரத்தத்துல மெதுவா ஏறக்கூடியது. அதுக்காக சுகர் உள்ளவங்க தைரியமா அள்ளிக் குடிக்கலாம்னு அர்த்தம் இல்ல. புளிப்பு இருக்கு, அமிலம் இருக்கு, பிசின்லேந்து எறங்குற பொருளெல்லாம் இருக்கு. அதெல்லாம் அதோட பெருமை. தாது பெருமை இல்ல, அவ்வளவுதான்.

இன்னொண்ணு, இதையும் இங்கயே சொல்லிடுறேன். பச்சப்புள்ளைக்கு சேனை வைக்கிறேன்னு நாக்குல தேன் தடவுற பழக்கம் நம்ம பக்கம் இன்னும் போகல. ஒரு வயசு ஆகுற வரைக்கும் எந்தத் தேனும் கூடாது, பொட்டுலிசம்ங்குற நச்சு வர வாய்ப்பு இருக்கு, சுத்தமான தேனா இருந்தாலும் சரிதான். சக்கரைத்தண்ணியும் வேண்டாம், தாய்ப்பால் போதும். பாட்டி கோச்சுப்பாங்க, கோச்சுக்கட்டும்.

மூணு பொருள், மூணு கணக்கு

நம்ம ஊரு கொசுத்தேனீக்கு அறிவியல் பேரு டெட்ராகோனுலா இரிடிபென்னிஸ், 4 மில்லிமீட்டர் நீளம், கொடுக்கு பேருக்கு இருக்கும் கொட்டாது, ஆனா தலைமுடிக்குள்ள பூந்து கடிக்கும். பெட்டிய தொறந்தா அடை இருக்காது, திராட்சைக்கொத்து மாதிரி உருண்டை உருண்டையா பானைங்க இருக்கும். சிலதுல தேன், சிலதுல மகரந்தம், நடுவுல புழு வளருற கூடு. எல்லாத்தையும் கட்டியிருக்குற பொருள் மெழுகும் மரப்பிசினும் கலந்தது.

தேன்ல மொத்தத் தாது, அதாவது எரிச்சா மிஞ்சுற சாம்பல், ரொம்பக் கம்மி. வெளிர் தேன்ல 0.1 சதவீதம்கூட இருக்காது, கருப்புத் தேன்ல ஜாஸ்தி இருக்கும். அந்த சாம்பல்ல பெரும்பங்கு பொட்டாசியம். அதுக்கப்புறம் கால்சியம், சோடியம், மெக்னீசியம், இது வரிசை மாறும். இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு, செம்பு எல்லாம் துளித்துளி. கொட்டாத தேனீ தேனுக்குன்னு தனியா தரம் வகுத்த நாடு மலேசியா, அவங்க கெலுலுட்னு சொல்லுவாங்க, 2017ல வந்த அந்தத் தரத்துல சாம்பல் 100 கிராமுக்கு 1 கிராம் வரைக்கும் இருக்கலாம், ஈரம் 35 சதவீதம் வரைக்கும். நம்ம நாட்டுல தேன்னா ஈரம் 20 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம், வச்ச விதி, அது அடை கட்டுற சாதாத் தேனீயோட அடைத்தேன மனசுல வச்சு எழுதுனது, கொசுத்தேன் இயல்பாவே 25, 30னு நிக்கும். அதனால யாராச்சும் உங்க தேன டெஸ்ட் பண்ணி ஃபெயில்னு சொன்னா உடனே தலைல கைய வச்சுக்காதீங்க, எந்தத் தராசுல நிறுத்தாங்கன்னு கேளுங்க.

மகரந்தம் வேற உலகம். செடியில விதை உண்டாக வேண்டிய ஆண் பங்கு அதுக்குள்ளதான் இருக்கு. சாதாத் தேனீ மகரந்தத்துல 100 கிராமுக்கு பொட்டாசியம் மட்டுமே 400லேந்து 2000 மில்லிகிராம் வரைக்கும் சொல்றாங்க, பாஸ்பரஸ், மெக்னீசியம், கால்சியம் எல்லாம் அதுக்கேத்தாப்புல. தேனோட பக்கத்துல வச்சுப் பாத்தா மல மாதிரி. இத ஞாபகம் வச்சுக்கங்க, கீழ இதுலதான் பெரிய ஏமாத்து இருக்கு.

பிசின் மெழுகுல, மெழுகு தன்னளவுல தாது இல்லாத பொருள். ஆனா பிசின் ஒட்டும். ஒட்டுறதுனால ரோட்டுத் தூசி, மண்ணு, சாம்பல் எல்லாம் அதுல போய் உக்காரும். ரிப்போர்ட்ல இரும்பும் அலுமினியமும் சேந்து எகிறுச்சுன்னா அது பிசினோட சத்து இல்ல, மண்ணு. தென் அமெரிக்காவுல சில கொட்டாத தேனீங்க வேணும்னே மண்ண பிசினோட கொழச்சுக் கட்டும். அதுக்கு சாம்பல் அளவு தாறுமாறா இருக்கும், அந்த ஊரு நம்பர எடுத்து நம்ம ஊரு பிசினுக்கு போடாதீங்க.

பிசின்ல பயப்பட வேண்டியது ஈயம். மரப்பிசின் கெடைக்காத எடத்துல தேனீங்க பெயிண்ட், தார் மாதிரி ஒட்டுற பொருள எடுத்துட்டு வரும், இது உலகம் பூரா பாத்த விஷயம். நம்ம நாட்டுல வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்துல 90 பங்குக்கு மேல இருக்கக்கூடாதுன்னு விதி அமலுக்கு வந்ததே 2017 நவம்பர்லதான், அதுக்கு முன்னாடி அடிச்ச கதவு கிராதியெல்லாம் இன்னும் உரிஞ்சுக்கிட்டு நிக்குது. பிசின எடுத்து மருந்துன்னு விக்கிற ஐடியா இருந்தா, பழைய கேட்டு பக்கத்துல, பஸ் போற ரோட்டோரத்துல, குப்பை எரிக்கிற எடத்துல இருக்குற பெட்டியோடத கலக்காதீங்க.

நம்ம மண்ணு என்ன எழுதுது

தாது எதுவும் தேனீ உண்டாக்குறது இல்ல. மண்ணுலேந்து வேர், வேர்லேந்து பூ, பூவுலேந்து தேனீ. அதனால டெல்டாவுக்குள்ளயே தேன் ஒண்ணு மாதிரி இருக்காது. திருவையாறு, பாபநாசம், கும்பகோணம்னு காவிரி, குடமுருட்டி, அரசலாறு கரையில இருக்குறது ஆத்து வண்டல். கல்லணைக் கால்வாய், நம்மாளுங்க புது ஆறுன்னுதான் சொல்லுவோம், 1934ல மேட்டூர் அணையோட சேந்து வந்தது, அது பாயுற ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கம் செம்மண்ணும் மணலும். வேதாரண்யம், முத்துப்பேட்டை பக்கம் போனா உப்புக்காத்து, உப்பளம், அலையாத்திக் காடு. கடலோரத் தேன்ல சோடியம் ஜாஸ்தியா வர்றது இயல்பு, அத பாத்துட்டு உப்பு கலந்துட்டான்னு சண்டைக்கு போகக்கூடாது.

பயிரும் மாறும். சம்பா அறுப்ப ஒட்டி ஈரம் காயுறதுக்குள்ள தெளிச்ச உளுந்தும் பயறும் மாசி பங்குனியில நிக்கும், அப்புறம் எள்ளு, புங்கன், வேம்பு, புளி, நாவல். தென்ன மட்டும் வருஷம் பூரா பாளை விட்டுக்கிட்டே இருக்கும், கொசுத்தேனீக்கு அதுதான் அன்னதானம். 2018 நவம்பர்ல கஜா புயல் வந்து பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னைய சாச்சப்ப மரம் மட்டும் போகல, இதுங்க சாப்பாடும் போச்சு. அதனால எந்த மாசம் எடுத்த தேன்னு எழுதி வைக்காம "எங்க தேன்ல இவ்வளவு பொட்டாசியம்"னு சொல்றதுல அர்த்தமே இல்ல.

வயல்ல போடுறதும் எழுதும். நெல்லுக்கு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டு போடுறோம். மான்கோசெப்ங்குற பூஞ்சாண மருந்துல மாங்கனீசும் துத்தநாகமும் இருக்கு. வெத்தலைக் கொடிக்காலுக்கு அடிக்கிற போர்டோ கலவையில இருக்குறது மயில்துத்தமும் சுண்ணாம்பும், அதாவது செம்பும் கால்சியமும். தேனீ பூவுக்கு மட்டுமா போகுது, வாய்க்கா ஓரத்து ஈர மண்ணுக்கும் போகும், வேர்வை உப்புக்கும் வரும். தாய்லாந்துல லிசோட்ரைகோனான்னு ஒரு கொட்டாத தேனீ மனுசன் கண்ணுல வந்து உக்காந்து கண்ணீர் குடிக்கிறத எழுதி வச்சுருக்காங்க. நம்ம ஊருல அந்த அளவுக்கு இல்ல, நல்லவேளை.

எடுக்குறது: இங்கதான் பாதி ரிப்போர்ட் கெட்டுப்போகுது

நம்ம பக்கம் வழக்கமா என்ன பண்ணுவாங்க, பானைய கொத்தா பிச்சு வெள்ளத்துணியில போட்டு பிழிவாங்க. வேல சீக்கிரம் முடியும். ஆனா கொத்துல தேன்பானை, மகரந்தப்பானை ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கும், பிழியுறப்ப மகரந்தம் கரைஞ்சு தேன்ல எறங்கும், புழுக்கூடு ஒண்ணு ரெண்டு நசுங்குனா அதுவும் எறங்கும். அந்தத் தேன டெஸ்ட்டுக்கு அனுப்புனா சாம்பல், பொட்டாசியம், இரும்பு எல்லாம் ஜோரா ஏறி வரும். அத பாட்டில்ல ஒட்டி "தாது நிறைந்தது"ன்னு விப்பாங்க. அது தாது நிறைஞ்ச தேன் இல்ல, பிழிஞ்ச தேன். சீக்கிரம் புளிச்சு நுரைச்சுப் போறதும் அதேதான்.

நான் செய்யுறது இப்படி. காலையில வெயில் ஏறுறதுக்குள்ள பெட்டி மூடிய தூக்குறேன், ஓரத்துல தள்ளி இருக்குற பானைய மட்டும்தான் தொடுறது. தேன்பானை தொட்டா கொஞ்சம் அமுங்கும், மேல்பக்கம் பளபளன்னு இருக்கும், மகரந்தப்பானை கெட்டியா தொளதொளப்பு இல்லாம நிக்கும், நாலு தடவ செஞ்சா கையே சொல்லிடும். மூங்கில் குச்சிய சீவி முனையால மூடுன பானையோட தலையில ஒரு ஓட்டை, 20 மில்லி சிரிஞ்சுல ஊசிய கழட்டிட்டு ஒரு சின்ன பிளாஸ்டிக் டியூப் மாட்டி உள்ள விட்டு உறிஞ்சுறேன். ஒரு பானையில ஒரு மில்லிகூட முழுசா வராது. பத்து பானைக்கு மேல ஆனாதான் சிரிஞ்சுல கண்ணுக்குத் தெரியுற மாதிரி நிக்கும். பொறுமை வேணும், காதுல துணிய கட்டிக்கங்க. ஒறிஞ்சது தெளிவா இல்லாம மஞ்சளா கலங்கி வந்துச்சுன்னா மகரந்தப்பானைய குத்திட்டீங்க, அத டெஸ்ட் பாட்டில்ல ஊத்தாம வீட்டுக்கு வச்சுக்கங்க. பாதிப் பானைய விட்டுடுங்க, ஐப்பசி கார்த்திகை அடைமழையில அதுங்களும் சாப்பிடணும். மழைக்காலத்துல கை வைக்கவே வைக்காதீங்க.

மகரந்தம் வேணும்னா தனியா பானையோட எடுத்து, மெழுகு ஓட்ட பிளாஸ்டிக் ஸ்பூன்ல உரிச்சுட்டு உள்ள இருக்குறத மட்டும் தனி டப்பாவுல போடுங்க. பிசினுக்கு வாசல் குழாய பிச்சுட்டு போயிடாதீங்க பாவம், அது ராத்திரியெல்லாம் உக்காந்து திரும்பக் கட்டும். அதுவுமில்லாம வாசல்லதான் தூசி ஜாஸ்தி. பெட்டிக்கு உள்பக்க விளிம்புல பூசியிருக்குறத சுரண்டுங்க, இரும்புக் கத்தி வேண்டாம்.

பாத்திரம்: நான் தோத்த எடம்

மொத தடவ மூணு பாட்டில் லேப்புக்கு அனுப்புனேன். ரெண்டு ஒரே மாதிரி வந்துச்சு, மூணாவதுல செம்பும் துத்தநாகமும் மட்டும் மத்த ரெண்டவிட பல மடங்கு. பொட்டாசியம், கால்சியம் எல்லாம் சாதாரணம். நான் என்ன நெனச்சேன், பக்கத்து கொடிக்கால்ல மருந்து அடிச்சுட்டான்னு அந்த மாமாகிட்ட போய் மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு பேசிட்டு வந்தேன். நாலு நாள் கழிச்சு எங்கம்மாதான் சும்மா பேச்சுவாக்குல சொல்லுச்சு, "அன்னிக்கு பாட்டில் பத்தலன்னு நாந்தான் தூக்குல ஊத்தி வச்சேன், காலையில மாத்துனேன்ல." பித்தளைத் தூக்கு. வெள்ளீயம் பூசுனது என்னிக்கோ போயி உள்ள மஞ்சளா தெரியுது. பித்தளைங்குறதே செம்பும் துத்தநாகமும்தான! ஒரே ஒரு ராத்திரி. கொசுத்தேன் புளிப்பு ஜாஸ்தி, பிஎச் 3, 3.5னு நிக்குற சாமான், அதுல மோர வச்ச மாதிரிதான். அந்த மாமாகிட்ட திரும்பப் போயி மன்னிப்பு கேட்டு ஒரு பாட்டில் குடுத்துட்டு வந்தேன், வாங்கிக்கிட்டாரு, இன்னிக்கும் கிண்டல் பண்றாரு.

அதனால பித்தளை, செம்பு, அலுமினியம், தகரம், நாகம் பூசுன வாளி எதுவும் தேனுக்கு ஆகாது. வீட்டுல வைக்க கண்ணாடி பாட்டில். டெஸ்ட்டுக்கு அனுப்ப புது பிளாஸ்டிக் பாட்டில், மருந்துக்கடை மாதிரி வெள்ளை மூடியோட, பாலிபுரொப்பிலீன்னு போட்டிருந்தா நல்லது. போர் தண்ணியில கழுவிட்டு காய வைக்காதீங்க, அந்தத் தண்ணியிலயே கால்சியமும் சோடியமும் காஞ்சு ஒட்டிக்கும், பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர்ல நாலு தடவ அலசுங்க. பவுடர் போட்ட ரப்பர் கிளவுஸ் வேண்டாம், அதுல துத்தநாகம் இருக்கும். பாட்டில முக்கால்தான் நெரப்பணும், இது உள்ளயே நொதிக்கிற தேன், கேஸ் கட்டி மூடி தெறிச்சுடும், எனக்கு ஒண்ணு தெறிச்சு சட்டைப்பை பூரா தேன். அனுப்புற வரைக்கும் ஃபிரிட்ஜ்ல வைங்க.

பாட்டில் மேல பெட்டி நம்பர், ஊர், தேதி, சுத்தி என்ன பூத்துருந்துச்சு, பிழிஞ்சதா உறிஞ்சதா, இத்தனையும் எழுதுங்க. அப்புறம் ஞாபகம் இருக்கும்னு நெனப்பீங்க, இருக்காது.

வீட்டுலயே ஒரு தோராயம்

ஒவ்வொரு பாட்டிலுக்கும் லேப்புக்கு காசு குடுக்க முடியாது. தாது தண்ணியில கரைஞ்சா கரண்ட கடத்தும், சக்கரை கடத்தாது. அதனால தேன கரைச்சு கடத்துதிறன் பாத்தா தாது எவ்வளவுன்னு ஒரு குறிப்பு கெடைக்கும். தண்ணி கேன்காரங்க வச்சுருக்குற டிடிஎஸ் பேனா, அதுல கடத்துதிறன் காட்டுற மாடலா வாங்குங்க. நகை நிறுக்குற மாதிரி 0.01 கிராம் காட்டுற சின்ன தராசு ஒண்ணு.

முறைப்படி 100 மில்லிக்கு 20 கிராம் தேன், ஆனா தண்ணிய கழிச்ச காஞ்ச எடை. உங்க தேன்ல ஈரம் 28 சதவீதம்னா மிச்சம் 72. நமக்கு 50 மில்லி போதும், அதுக்கு 10 கிராம் காஞ்ச எடை வேணும், 10ஐ 0.72ஆல வகுத்தா 13.9 கிராம் தேன். அத டிஸ்டில்டு வாட்டர்ல கரைச்சு மொத்தம் 50 மில்லிக்கு கொண்டாங்க. ஆர்ஓ கேன் தண்ணி ஆகாது, அதுலயே உப்பு இருக்கு, வெறும் தண்ணிய மொதல்ல அளந்து பாருங்க, பூஜ்யத்துக்கு பக்கத்துல நிக்கணும். ஈரம் பாக்க தேன் ரிஃப்ராக்டோமீட்டர், அதுல ஈரம் பக்கம் 27 சதவீதத்தோட முடிஞ்சுடும், கொசுத்தேன் அதத் தாண்டிடும், அப்ப சக்கரை அளவு காட்டுற பிரிக்ஸ் பக்கம் பாத்து 100லேந்து கழிச்சா கிட்டத்தட்ட வந்துடும்.

சாதாத் தேன்ல பூத்தேனுக்கு கோடெக்ஸ், அதாவது உலக உணவுத் தர அமைப்பு, வச்ச கடத்துதிறன் எல்லை சென்டிமீட்டருக்கு 0.8 மில்லிசீமென்ஸ், பேனாவுல 800 மைக்ரோன்னு காட்டும். அதுலேந்து சாம்பல் கணக்குப் போட ஒரு சூத்திரம் உண்டு, 0.14ஐ கழிச்சு 1.74ஆல வகுக்கணும், 0.8 வந்தா சாம்பல் 0.38 சதவீதம். ஆனா இது அடைத்தேனுக்கு போட்ட சூத்திரம். கொசுத்தேன்ல அமிலம் ஜாஸ்தி, அமிலமும் கரண்ட கடத்தும், அதனால தாது இல்லாமயே நம்பர் ஏறும். அதுபோக அந்த முறை 20 டிகிரி சூட்டுக்கு, பேனா 25 டிகிரிக்கு மாத்திக் காட்டும், நம்ம ஊரு சித்திரையில அறையே 34. அதனால 0.8ஓட நேரடியா ஒப்பிடாதீங்க. உங்க பெட்டிகளுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட மட்டும் வச்சுக்கங்க, எல்லாத்தையும் ஒரே நாள்ல, ஒரே சூட்டுல அளந்து. பதினாலுல ஒண்ணு மட்டும் தனியா எகிறி நின்னா அத லேப்புக்கு அனுப்புங்க, மிச்சம் காசு மிச்சம்.

ஒரு குறும்பு சொல்றேன். சீனிப்பாகு கலந்தா கடத்துதிறன் எறங்கும், வெல்லப்பாகு கலந்தா ஏறும், வெல்லத்துல தாது ஜாஸ்தி. வீரமாங்குடி பக்கம் அச்சுவெல்லம் காய்ச்சுற எடத்துல ஈயும் தேனீயும் மொய்க்கிறத பாத்துருப்பீங்க, தேனீயே போயி உறிஞ்சுட்டு வந்தாலும் அதே கதைதான். அதனால நம்பர் கூட இருந்தா சுத்தம், கம்மியா இருந்தா கலப்படம்னு யாராச்சும் பேனாவ வச்சு வித்தை காட்டுனா நம்பாதீங்க.

லேப்புக்கு போறப்ப

தஞ்சாவூர்லயே நிஃப்டெம்ங்குற மத்திய அரசு உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்துல உணவுப் பரிசோதனைக் கூடம் இருக்கு, போன் பண்ணி தேன்ல எந்தெந்த தாது பாப்பீங்க, எவ்வளவு மாதிரி வேணும், எவ்வளவு ஆகும்னு கேட்டுட்டு போங்க, எந்த லேப்பா இருந்தாலும் மொதல்ல இந்த மூணு கேள்விதான். என்ன கருவின்னும் கேளுங்க. சோடியம், பொட்டாசியத்துக்கு ஃபிளேம் ஃபோட்டோமீட்டர் போதும். இரும்பு, செம்பு, துத்தநாகத்த ஒவ்வொண்ணா பாக்குறது ஏஏஎஸ். ஒரே நேரத்துல பலத பாக்குறது ஐசிபி-ஓஇஎஸ். ஈயம், காட்மியம், ஆர்செனிக் மாதிரி துளிக்கும் துளிய பாக்கணும்னா ஐசிபி-எம்எஸ், காசு கூட. எல்லாத்துக்கும் முன்னாடி தேன 550, 600 டிகிரி உலையில சாம்பலாக்கி அமிலத்துல கரைப்பாங்க, இல்லாட்டி நேரா நைட்ரிக் அமிலத்துல மைக்ரோவேவ்ல கரைப்பாங்க. வெறும் அமிலத்த மட்டும் இதே மாதிரி ஓட்டிப் பாத்தீங்களா, பிளாங்க்னு சொல்லுவாங்க, அத கழிச்சீங்களான்னு கேட்டீங்கன்னா உங்கள கொஞ்சம் மரியாதையா பாப்பாங்க.

என்னால முடிஞ்சா ஒரே தேன்ல ரெண்டு பாட்டில் வேற வேற பேர் போட்டு அனுப்புவேன். ரெண்டும் ஒத்து வந்தா நம்பலாம்.

ரிப்போர்ட்ட படிக்கிறது

மொதல்ல அலகு. கிலோவுக்கு மில்லிகிராம்னா அதேதான் பிபிஎம். 100 கிராமுக்குன்னு போட்டிருந்தா பத்தால பெருக்கி ஒப்பிடுங்க, இதுல தப்பு பண்ணித்தான் பாதிப்பேர் பத்து மடங்கு பெருமை அடிக்கிறாங்க. அடுத்து ஈர எடையா, காஞ்ச எடையா. மகரந்தமும் பிசினும் பெரும்பாலும் காஞ்ச எடையில குடுப்பாங்க, தேன் அப்படியே குடுப்பாங்க, ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒப்பிடக்கூடாது. "கண்டறியப்படவில்லை"ன்னா பூஜ்யம்னு அர்த்தம் இல்ல, அந்தக் கருவியோட கண்ணுக்கு எட்டலன்னு அர்த்தம், எதுக்கு கீழன்னு ஒரு எல்லை பக்கத்துல போட்டிருக்கணும்.

அப்புறம் ஜோடி பாருங்க, தனி நம்பர விட ஜோடிதான் பேசும். செம்பும் துத்தநாகமும் சேந்து ஏறுனா பித்தளை, எங்கம்மா தூக்கு. செம்பு மட்டும் ஏறுனா சுத்தி எங்கயாச்சும் போர்டோ கலவை அடிச்சாங்களான்னு விசாரிங்க, மெதுவா விசாரிங்க. துத்தநாகம் மட்டும்னா தகரம், நாகம் பூசுன பாத்திரம், இல்ல கிளவுஸ். இரும்பும் அலுமினியமும்னா மண்ணு தூசி. பொட்டாசியம், பாஸ்பரஸ், மெக்னீசியம் மூணும் சேந்து ஏறுனா மகரந்தம் கலந்துருக்கு, பிழிஞ்சுருக்கீங்க. சோடியம் மட்டும்னா கடல் எவ்வளவு தூரம்னு பாருங்க, கிட்ட இல்லாட்டி பாட்டில் கழுவுன தண்ணிய பாருங்க. பொட்டாசியம் மொத இடத்துல இல்லாத தேன் ரிப்போர்ட் வந்தா நான் தேன சந்தேகப்படுறதுக்கு முன்னாடி பாட்டிலத்தான் சந்தேகப்படுவேன். ஈயம் எந்த அளவுல தெரிஞ்சாலும் அந்தப் பெட்டிய எடம் மாத்தி, அடுத்த பருவத்துல திரும்ப பாக்குற வரைக்கும் அதுலேந்து யாருக்கும் குடுக்கக்கூடாது.

பாட்டில் லேபிள்ல நான் இப்ப போடுறது ஊர், எடுத்த மாசம், "உறிஞ்சி எடுத்தது", ஈரம் எவ்வளவு, "ஒரு வயசுக்கு கீழ குடுக்காதீங்க". தாது நம்பர் போடுறது இல்ல. யாராச்சும் கேட்டா ரிப்போர்ட்ட போன்ல காட்டுவேன், அந்த பித்தளை ரிப்போர்ட்டையும் சேத்துத்தான் காட்டுவேன். சித்தி மாத்திரைய மாத்தி எழுதி வாங்கிக்கிட்டாங்களாம், இப்ப வயிறு பொரட்டலையாம், தேன் தீந்துடுச்சு அடுத்த பாட்டில் எப்பன்னு நேத்துகூட போன் வந்துச்சு. உளுந்து பூத்து முடியட்டும் சித்தின்னு சொல்லியிருக்கேன்.